மூன்று வாரமாகப் போகிறேன், அவர் பேசவே இல்லை: பதில்

மனச்சோர்வில் இருக்கும் ஒருவரை மூன்று வாரமாகப் போய்ப் பார்க்கிறீர்கள், எதைச் சொன்னாலும் "பார்க்கலாம்" என்கிறார், நான் சரியான சமூகப் பணியாளர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள். கதவைத் திறக்கிறாரே, இப்போதைக்கு அதுவே அவருக்குப் பெரிய வேலை.

நான் பார்த்துவந்த ஒரு அம்மாவின் மேஜையில் பிரிக்காத கடிதங்கள் குவிந்து கிடந்தன. அறிவுரையை நிறுத்திவிட்டு, "இன்றைக்கு ஒன்றே ஒன்றைப் பிரிப்போமா?" என்றேன். உறையைக் கிழிக்கவே விரல் நடுங்கியது. பிரித்தார். அடுத்த வாரம் இரண்டு. உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சின்ன வேலை ஒன்றைச் செய்யச் செய்யத்தான் பலருக்கு மனம் கொஞ்சம் அசைகிறது.

மாத்திரை தொடங்கியிருந்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று சொல்லிவையுங்கள். முடிந்தால் டாக்டரிடம் கூடவே போங்கள்.

அப்புறம், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. "ஆமாம்" என்றால், திட்டம் ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவருக்கும் உங்கள் மேற்பார்வையாளருக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் கிளம்பும்போது, அடுத்து வரும் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.