புளி உள்ளே வருமுன் பரண் கீழே இறங்கட்டும்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பத்தாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள் என்று ஆறு பேர். வீட்டுக்காரர் ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார், நான் பர்கூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். போகிக்கே வீட்டைச் சுத்தம் செய்ய முடியவில்லை. பரண் நிரம்பி வழிகிறது, ஸ்டோர் ரூமில் கால் வைக்க இடமில்லை, இப்போது திண்ணையில் புளி மூட்டை வேறு வந்து இறங்கிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் ஊரில் மாரியம்மன் பண்டிகை, நாத்தனார் குடும்பம் வந்துவிடும். எதையாவது எடுத்துப் போடலாம் என்றால் மாமியார் விடுவதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அந்தப் புளி மூட்டைதான். தொல்லைகளோடு தொல்லையாக அதையும் எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன். நம் பக்கத்து வீடுகளில் தை பிறந்தால் கேழ்வரகும் கொள்ளும் அவரையும் உள்ளே வரும், மாசி பங்குனியில் புளி வரும், அது முடிகிறதற்குள் மாங்காய் வந்து நிற்கும். வருகிற எல்லாமே தரையில்தான் உட்காரும். அதனால் "எதைத் தூக்கிப் போடலாம்" என்று கேட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனீர்கள் என்றால் ஒவ்வொரு பொருளும் உங்களோடு வாதாடும், அரை மணி நேரத்தில் களைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவீர்கள். "அடுத்து வரப்போகிறது எங்கே உட்காரும்" என்று கேட்டுக்கொண்டு போங்கள். வேலைக்கு ஒரு நாள் கணக்கு வந்துவிடும், மாமியாரும் கூட நிற்பார், ஏனென்றால் புளி கெட்டுப்போவது அவருக்கும் பிடிக்காது.

புளி எதில் போகும்? ஜாடியிலோ மண்பானையிலோதான் போகும். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம், பித்தளை, இரும்பு எல்லாவற்றையும் அரிக்கும். சரி, அந்த ஜாடிகள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலான வீடுகளில் பரண்மேல்தான், அதுவும் மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால். ஆக இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை பரணை ஒழிப்பது என்று நினைக்க வேண்டாம், ஜாடியைக் கீழே இறக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாடி இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கிறதெல்லாம் இறங்கியே ஆகவேண்டும். இறங்கியதில் திரும்பவும் ஏறுவதற்குத் தகுதியுள்ளது மட்டும் ஏறட்டும்.

ஏறுவது உங்கள் வீட்டுக்காரர் வேலை. "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் வேலை உங்களுடையது, அவர் வந்து கைகொடுக்கிறார் என்று ஆகிவிடும். பரண், மொட்டை மாடி, வாசலுக்கு வெளியே கிடக்கிறதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று அவர் விடுமுறை நாள் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்த தூக்கக் கண்ணோடு மட்டும் ஏணியில் ஏற விடாதீர்கள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளட்டும், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நம் ஊர்ப் பழைய சாக்குக்குள்ளும் விறகு அடுக்குக்குள்ளும் தேள் இருப்பது சாதாரணம், எதையும் வெறுங்கையால் உள்ளே துழாவி எடுக்கக்கூடாது, முதலில் குச்சியால் தட்டி, புரட்டிப் போட்டு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். மகளை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள்.

பரணிலிருந்து என்னென்ன இறங்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும், எங்கள் வீட்டில் போன வருஷம் இறங்கியதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் ஐந்து, அட்டைப் பெட்டி பிரிக்காமலே. பெயர் வெட்டிய எவர்சில்வர் தாம்பாளங்கள், குடங்கள், ஒரே அளவு டிபன் பாக்ஸ் ஒன்பது. கைப்பிடி போன குக்கர், மூடி மட்டும் இருக்கிற குக்கர். ஓடாத மிக்ஸி. பெட்டிக்கு அடியில் அந்துருண்டை கரைந்துபோய் வாசனை மட்டும் மிச்சமிருந்தது, மடிப்பு மடிப்பாக நைந்த ஒரு பட்டுப்புடவையை எடுத்துப் பிரித்தபோது சரிகை இருந்த இடத்தில் விரல் உள்ளே போய்விட்டது. கட்டாமல் பத்திரப்படுத்தியே அழிந்த புடவை அது. அன்றைக்கே மீதியிருந்த இரண்டு பட்டுப்புடவையையும் பீரோவுக்கு மாற்றிவிட்டேன், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பிரித்து மடிப்பு மாற்றிப் போடுகிறேன். நல்ல பொருளைப் பரணில் வைக்காதீர்கள். ஓட்டுக்கும் தளத்துக்கும் கீழே கோடையில் ஏறுகிற சூட்டில் துணி, பிளாஸ்டிக், போட்டோ எல்லாமே பாழாகும்.

பெயர் வெட்டிய பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், பண்டிகைக்கு வந்து பார்ப்பார்கள் என்ற கூச்சத்தில் நாம் அவற்றைத் தொடுவதில்லை. எடுத்துப் புழங்குங்கள். சமையலறையில் நசுங்கியதும் அடி கறுத்ததும் போகட்டும், பரணில் இருக்கிற புதியது அந்த இடத்துக்கு வரட்டும். பாத்திரக்கடையில் பழையதை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள், வாங்கவும் வேண்டாம், காசும் வரும்.

இனி மாமியார் விஷயம். இதில் நான் செய்த தவறைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், போகியன்று விடியற்காலையில் ஒரு மூலையில் கிடந்த பழைய களித்துடுப்பை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டேன். நுனி கருகி, ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்துபோயிருந்தது, புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் வாங்கிய புதுத் துடுப்பால் அன்று இரவு களி கிண்டினார், கட்டி கட்டியாக வந்தது. "பிடி வரல" என்று மட்டும் சொன்னார். பல வருஷம் அவர் கைக்கு ஏற்ற மாதிரி தேய்ந்திருந்த சாய்வை நான் பழசு என்று நினைத்துவிட்டேன். அந்த வீட்டில் அவர் பொருள் எது, என் பொருள் எது என்று அப்புறம்தான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அதனால் உங்கள் மாமியாருடைய எதையும் அவர் இல்லாதபோது தொடாதீர்கள். முதலில் உங்கள் பீரோவைக் காலி செய்யுங்கள், அவர் பார்க்கிற மாதிரி, நடுக்கூடத்தில் வைத்து. சின்னதாகிப்போன உங்கள் சுடிதார்களையும் பிள்ளைகள் சட்டைகளையும் நீங்களே எடுத்து வைப்பதைப் பார்த்தால், தன் பொருளுக்குக் குறிவைக்கவில்லை என்பது அவருக்குப் புரியும். அப்புறம் அவருக்கென்று ஓர் அலமாரியையோ ஒரு டிரங்குப் பெட்டியையோ ஒதுக்கிக் கொடுத்து, "அத்தை, இதுக்குள்ள எது இருக்கணும்னு நீங்களே பாருங்க, இதை யாரும் தொட மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி தொடாமலும் இருங்கள். இடம் இவ்வளவுதான் என்று தெரிந்தால் அவரே ஒன்றிரண்டை எடுத்துக் கொடுப்பார். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பெட்டியால் வீடு அடைந்துவிடாது. புளி தட்டிக் கொட்டை எடுக்க உட்காரும்போது இதைப் பேசுங்கள். பாப்பாரப்பட்டி பக்கம் போனால் பார்க்கலாம், புளி வேலை நடக்கிற வீடுகளில் கை ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் சண்டையாகிற பேச்சு, கையில் வேலை இருக்கும்போது சுலபமாக முடிந்துவிடும். எடுத்த கொட்டையைக் கொட்டி வைக்காதீர்கள், அதை வாங்கவும் வியாபாரிகள் வருவார்கள்.

காகிதங்களில் மட்டும் அவசரம் வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். மஞ்சள் பையிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கிற பழைய காகிதம் எதையும் மாமனார் உட்கார்ந்து பார்க்காமல் பேப்பர்காரருக்குப் போடக்கூடாது. "சேலம் ஜில்லா" என்று தலைப்பில் இருந்தால் நம்முடையதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1965 அக்டோபர் 2ஆம் தேதி தருமபுரி மாவட்டம் பிரிகிறவரை நம் பகுதி முழுக்கச் சேலம் மாவட்டம்தான், 2004 பிப்ரவரி 9 அன்றுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தாத்தா காலத்து மூலப் பத்திரத்தில் சேலம் என்றும், மாமனார் வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் தருமபுரி என்றும் இருந்தால் இரண்டும் உங்கள் தோட்டத்துக்குரியதாகவே இருக்கலாம். பட்டா சிட்டாவை இப்போது இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், மூலப் பத்திரத்தை அப்படி நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. பத்திரம், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு, ஆளுக்கொரு கவர் வைத்து, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி முடித்த பழைய கரண்ட் பில்லும் கடைச் சீட்டும் போகட்டும்.

மகனுடைய மேசையைப் பரீட்சை முடிகிறவரை தொடவே வேண்டாம். அவன் எங்கே எதை வைத்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும், அது போதும். முடிந்த பிறகு கைடுகளை அடுத்த வருஷம் பத்தாவது போகிற பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்தால் மகளுக்கு ரப் நோட்டு ஆகும். ஹால் டிக்கெட்டை மட்டும் அந்தப் பைலில் சேர்த்துவிடுங்கள்.

ஸ்டோர் ரூம் இரண்டாவது ஞாயிறு. அங்கே அடுத்து வரப்போகிறது மாங்காய். பெங்களூரா மாங்காய் தோப்பிலிருந்தே கூழ் பேக்டரிக்கு வண்டி ஏறிவிடும், வீட்டுக்கு என்று வருகிற செந்தூராவும் மல்கோவாவும் வைக்கோல் பரப்பிப் பழுக்க வைக்கக் காற்றோட்டமுள்ள ஒரு மூலை கேட்கும். அந்த மூலையைக் காலி செய்யுங்கள். அங்கே மாமரத்துக்கு அடித்த மருந்து பாட்டில்கள் இருக்கும், முதலில் அவற்றைப் பாருங்கள். காலி மருந்து பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கக்கூடாது, ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எடுத்துப் புழங்க முடியாமல் போகட்டும். மீதி மருந்து பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், தானியத்துக்குப் பக்கத்தில் இல்லாமல், பூட்டி இருக்க வேண்டும்.

வாசலுக்கு வெளியே கிடக்கிற பழைய டயர், உடைந்த பக்கெட், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் கோடை மழைக்கு முன்னால் போயாக வேண்டும். டெங்கு பரப்புகிற கொசுவின் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு மழை பெய்து தண்ணீர் தேங்கினால் பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். வைத்துக்கொள்கிற தொட்டியை வெறுமனே கவிழ்த்து ஊற்றினால் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் தயவுசெய்து கொளுத்தாதீர்கள், மகள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும். பழைய இரும்புக்காரர் டயரையும் எடுப்பார்.

துணியில் நைந்த காட்டன் வேட்டி புடவையைக் கொடுத்துவிடாதீர்கள், இன்னும் ஒரு மாதத்தில் வடகம் ஊற்ற வேண்டும். பாலியஸ்டர் போகட்டும்.

கழுவுகிற வேலையைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் பக்கெட்டிலும் குழாயிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. புளிக் கரைசலையோ எலுமிச்சைச் சாற்றையோ பூசிக் கொஞ்ச நேரம் ஊற விட்டால் இளகிவிடும், நார் நீக்கிய பிறகு மிஞ்சுகிற புளிச் சக்கையே இதற்குப் போதும், பித்தளைக் குத்துவிளக்குக்கும் அதுதான். பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிறவருக்கு மூச்சு முட்டிப்போகும். ஒரு நாளைக்கு ஒன்று, நடுவில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

வேலை நாட்களில் கம்பெனியிலிருந்து வந்ததும் இருபது நிமிஷத்துக்கு மேல் இதில் செலவழிக்க வேண்டாம். ஒரு தட்டு, ஒரு டிராயர், அவ்வளவுதான். ஆரம்பித்ததை அன்றே மூடி வைக்கிற அளவுக்கு மட்டும் திறங்கள்.

மூன்று வாரத்தில் ஸ்டோர் ரூம் முடியவில்லை என்றால் அதைப் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நாத்தனார் பிள்ளைகளுக்குக் கூடத்தில் பாய் போட இடம் வேண்டும், மாவிளக்கு இடிக்கச் சமையலறை மேடை காலியாக இருக்க வேண்டும், திண்ணையில் நாலு பேர் உட்கார வேண்டும். புளி ஜாடிக்குள் போய்விட்டால் திண்ணை அன்றைக்கே காலி.