ஃபோர்க் சீல் மறுபடி மறுபடி போகிறதா? ராடைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, உப்பளத்தில் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பல்சர் 150 வைத்திருக்கிறேன். முன் ஷாக்கில், டிஸ்க் இருக்கிற பக்கம் ஆயில் வடிகிறது. மெக்கானிக் சீல் மாற்றிக் கொடுத்தார். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை, அதே பக்கம் மறுபடி கசிகிறது. இந்த முறை வீட்டிலேயே நானே மாற்றலாமா? என்னென்ன வேண்டும்?
– வாசகர், முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. ஸ்பானர் பிடித்துப் பழகிய கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஆனால் கடைக்குப் போய் சீல் வாங்குவதற்கு முன்னால் வண்டி முன் உட்கார்ந்து ஒன்றைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது "உப்பளம்" என்பதும் "அதே பக்கம்" என்பதும்தான். புது சீல் மூன்று மாதத்தில் போனால் குற்றம் பெரும்பாலும் சீலில் இருக்காது, ராடில் இருக்கும்.

பளபளவென்று தெரிகிற அந்த ஃபோர்க் (முன் ஷாக்) ராடை முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக இழுங்கள். அப்படியே சுற்றி வந்து நாலு பக்கமும் இழுக்க வேண்டும். டஸ்ட் சீலுக்கு (ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கிற ரப்பர்) மேலே ஒரு சாண் உயரத்துக்குள்தான் சங்கதி இருக்கும், ஏனென்றால் பள்ளத்தில் இறங்கும்போது சீலுக்குள் போய் வருவது அந்தப் பகுதிதான். முன்சக்கரம் வாரி அடிக்கிற கல்லும் உப்புத் தண்ணீரும் படுவதும் அங்கேதான். கண்ணுக்குக் கடுகுக்கும் சிறிய கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நகம் அதில் "டக்" என்று தட்டினால் அதுதான் ஆள். குரோம் பூச்சு பொத்துப்போய், அடியில் இரும்பு துருப்பிடித்து, விளிம்பு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த விளிம்பு சீலின் ரப்பர் உதட்டைச் சுரண்டும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் வீண்தான்.

நகம் எங்கும் தட்டவில்லையா? அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது, வண்டியைப் பிரிக்கவே வேண்டாம். டஸ்ட் சீலைச் சின்னத் திருப்புளியால் கிளப்பி மேலே தள்ளிவிடுங்கள். வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கும். அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நுனியில் கொக்கி மாதிரி ஒரு வெட்டு வைத்து, ராடுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே செருகி ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். உதட்டில் மாட்டிய மணல் துகள் அதோடு வந்துவிடும். பாதிக் கசிவு இதிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், ராடில் மறுபடி ஆயில் வளையம் விழாவிட்டால் அந்த சீல் நல்ல சீல்தான்.

அதிலும் நிற்கவில்லையென்றால் பிரிக்க வேண்டியதுதான். இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீல், டஸ்ட் சீல், அடியில் வரும் காப்பர் வாஷர், ஃபோர்க் ஆயில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் கசிகிறது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள். ஃபோர்க்கின் ஒரு காலில் புது ஆயிலும் இன்னொரு காலில் கறுத்துப்போன பழைய ஆயிலும் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் பதித்திருக்கும். பழையதோடு அவற்றை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே பெயரில் வந்த வண்டிக்கு வருஷத்துக்கு வருஷம் ஃபோர்க் மாறியிருக்கிறது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை மேலே உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் இன்னும் நிம்மதி. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் அதன் பாரம் இறங்கக் கூடாது. பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரின் இரண்டு பிரேக் பேடுக்கும் நடுவே அட்டையை மடித்துச் செருகிவிடுங்கள். டிஸ்க் இல்லாத நேரத்தில் வீட்டுப் பிள்ளைகள் யாராவது பிரேக் லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

இப்போது சொல்வது முக்கியம். ஃபோர்க் காலை வண்டியிலிருந்து உருவுவதற்கு முன்பே இரண்டு போல்ட்டை லேசாக இளக்கிவிட வேண்டும். ஒன்று மேல்மூடி. மேல் கிளாம்ப்பைத் தளர்த்தி, கீழ் கிளாம்ப் இறுக்கமாக இருக்கும்போதே மூடியை அரைச் சுற்று திருப்புங்கள். இன்னொன்று பாட்டத்துக்கு (ராடு உள்ளே போய் வருகிற கீழ்க்குழாய்) அடியில் குழிக்குள் இருக்கும் ஆலன் போல்ட். உள்ளே அது பிடித்திருக்கிற டேம்பர் ராடு எதிலும் பிணைக்கப்படாமல் சும்மா நிற்கிறது. ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டிருக்கும் வரைதான் அது சுற்றாமல் இருக்கும். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு ஆலன் கீயைப் போட்டால், போல்ட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும், கழறாது. வீட்டில் ஆரம்பிப்பவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். அப்படி மாட்டிக்கொண்டாலும் பயப்பட வேண்டாம். ஸ்பிரிங்கையும் மூடியையும் திரும்பப் போட்டு, ஒருவர் காலை நன்றாக அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் திருப்பிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஏர் கன் இருக்கிற பஞ்சர் கடைக்கு அந்தக் காலை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நொடியில் இளகிவிடும்.

மேல்மூடியை முழுதாகக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே கடைசி மரையைத் திருப்புங்கள். ஸ்பிரிங் துள்ளும். அது எந்தப் பக்கம் மேலே இருந்தது, நெருக்கமான சுற்று எந்தப் பக்கம் என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயிலைக் கவிழ்த்து ஊற்றினால் கறுப்பாக, முடைநாற்றத்தோடு வரும். ஆலன் போல்ட்டைக் கழற்றி ராடை உருவிவிட்டால் பாட்டத்தின் வாயில் சீல் தெரியும். அதற்கு மேல் ஒரு கம்பி லாக். உங்கள் ஊர்க் காற்றுக்கு அது துருப்பிடித்துத் தூளாகத்தான் இருக்கும், புது லாக்கும் கையில் இருக்கட்டும்.

பழைய சீலை நெம்பும்போது அவசரம் ஆகாது. பாட்டம் அலுமினியம். விளிம்பில் துணியை மடித்து வைத்து, அகலமான திருப்புளியை சீலின் உதட்டுக்கு அடியில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி நெம்புங்கள். வெளியே கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் அலுமினியம் விரிந்து சுலபமாக வரும். சீல் உட்காரும் சுவரில் திருப்புளி கீறல் விழுந்தால் அடுத்த கசிவுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

இனி ராடு. மேஜைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் ஏறி இறங்கித் தெரிந்தால் ராடு வளைந்திருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் இது சாதாரணம், எங்காவது ஒருமுறை முட்டியிருக்கும். வளைந்த ராடை நிமிர்த்தித் தருவதாகச் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற உறுப்பு அது. புதிது வாங்குங்கள்.

ராடு நேராக இருந்து ஒன்றிரண்டு புள்ளி மட்டும் இருந்தால், 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆயில் தொட்டு, தூக்கிய விளிம்பு அடங்கும் வரை அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். குழி மிஞ்சினால் ஸ்பிரிட்டால் துடைத்து, துளி அரால்டைட் வைத்து, ஒரு நாள் காயவிட்டு, 2000 நம்பரில் மட்டமாக்குங்கள். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இது கொஞ்ச நாளுக்குத் தாங்கும், நிரந்தரம் இல்லை. துரு பட்டை பட்டையாக இருந்தால் ராடையே மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு நல்ல ராடு கிடைக்காவிட்டால் கோவை மாதிரி லேத் பட்டறை நிறைந்த ஊரில் ஹார்டு குரோம் பூசி கிரைண்ட் செய்து தருவார்கள்.

பூட்டும்போது ராடை பாட்டத்தில் இறக்கி, புது காப்பர் வாஷரோடு ஆலன் போல்ட்டை முடுக்கிவிட்டு, பிறகு சீலை மேலிருந்து இறக்க வேண்டும். ராடின் மேல்வாயில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஃபோர்க் ஆயில் தடவி, அதன் மேல் வழுக்கவிடுங்கள். அந்த வாயின் கூர்முனை சீலின் உதட்டில் நேராகப் படக் கூடாது. எண்கள் பதித்த பக்கம் மேலே, குட்டி ஸ்பிரிங் வளையம் நன்றாகத் தெரிகிற பக்கம் கீழே, ஆயிலைப் பார்த்து. அடித்து இறக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ராடின் மேல் தாராளமாகப் போகிற, சீலின் வெளிவட்டத்தில் உட்கார்கிற அளவு பிவிசி பைப் ஒரு துண்டு போதும். பழைய சீலைப் புதியதன் மேல் வைத்து, அதன் மேல் பைப்பை வைத்து, சுற்றிச் சுற்றிச் சீராகத் தட்டுங்கள். லாக் உட்காரும் காடி முழுவட்டமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

ஆயில் எத்தனை மில்லி, எந்த கிரேடு என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து அப்படியே ஊற்றுங்கள். அளப்பதற்குக் குழந்தைப் பால்புட்டி அருமையான கருவி (பிறகு அது பாலுக்கு ஆகாது, தனியே எடுத்து வைத்துவிடுங்கள்). ஊற்றியபின் ராடை மெதுவாக மேலும் கீழும் இழுங்கள், உள்ளே மாட்டிய காற்று குமிழியாக வெளியேறும். சக்கரத்தை மாட்டி, ஆக்ஸிலைக் கடைசியாக இறுக்குவதற்கு முன் வண்டியைத் தரையில் இறக்கி முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள், இரண்டு காலும் தாமாக நேராகிக்கொள்ளும். அதன்பின் இறுக்குங்கள்.

டிஸ்க் பக்கம் கசிந்ததால் இன்னொன்றும் கட்டாயம் செய்ய வேண்டும். ஆயில் குடித்த பேடைத் தேய்த்தோ சுட்டோ மறுபடி போடாதீர்கள். புது பேடு போடுங்கள், டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள். லீவரை கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பேடு மாற்றாமல் துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நீங்கள் போவதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

உப்பளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ராடைத் துடைத்து, உலரவிட்டு, ஒரு சொட்டு ஃபோர்க் ஆயில் தடவிவிடுங்கள். தினமும்.

கேள்வி: முன் ஷாக் மெத்தென்று இறங்குகிறது. கூடுதலாக ஆயில் ஊற்றினால் கெட்டியாகும், இன்ஜின் ஆயிலே போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். ஃபோர்க்கில் ஆயிலுக்கு மேலே வெற்றிடமாகத் தெரிகிற இடம் சும்மா விட்டது இல்லை. ஃபோர்க் இறங்கும்போது அங்கே இருக்கிற காற்று அமுங்கி, அதுவும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஆயிலை ஏற்றினால் காற்றுக்கு இடம் குறையும். பெரிய பள்ளத்தில் விழும்போது அழுத்தம் எகிறி, பலவீனமான இடத்தைத் தேடும். அந்த பலவீனமான இடம்தான் சீல்.

இன்ஜின் ஆயிலின் சேர்மானம் வேறு, வேலை வேறு. ஃபோர்க்கில் அது ஏறி இறங்கும்போது நுரைக்கும், நுரைத்தால் பிடிமானம் போய்விடும். கொஞ்சம் கெட்டி வேண்டுமென்றால் முதலில் பழைய ஆயிலை மாற்றுங்கள், பாதிக் குறை அதிலேயே தீரும். அப்புறமும் போதவில்லையென்றால், அதே அளவு, ஒரு படி கெட்டியான ஃபோர்க் ஆயில். 10W இருந்த இடத்தில் 15W.

கேள்வி: ஆயில் உள்ள முன் ஃபோர்க் முதலில் எந்த வண்டியில் வந்தது?
– பிளஸ் டூ மாணவி, காரைக்குடி

பதில்: ஆயிலால் அதிர்வை அடக்குகிற டெலிஸ்கோப்பிக் ஃபோர்க் விற்பனைக்கு வந்த முதல் வண்டிகள் பிஎம்டபிள்யூவின் ஆர்12, ஆர்17. வருஷம் 1935. டென்மார்க்கின் நிம்பஸ் வண்டியில் 1934-லேயே குழாய்க்குள் குழாய் போகிற ஃபோர்க் இருந்தது, ஆனால் ஆயிலால் அதிர்வை அடக்கும் ஏற்பாடு இல்லை. நம் சாலைகளுக்குப் பழக்கமான ராயல் என்ஃபீல்டு புல்லட் 1949-ல் இந்த ஃபோர்க்கோடு வந்தது. 1955-ல் மெட்ராஸில் புல்லட் தயாரிப்பு தொடங்கியபோதும் அதே ஏற்பாடுதான்.

கேள்வி: கேடிஎம் 390 டியூக். சீல் கசிகிறது. இதையும் வீட்டில் பார்க்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். உங்களுடையது தலைகீழ் ஃபோர்க், 43 மில்லிமீட்டர் ராடு கீழே, பருத்த குழாய் மேலே. சீல் கீழ்வாயில் இருப்பதால் ஆயில் எந்நேரமும் அதன் மேலேயே நிற்கும். அதனால் கசிந்தால் மெதுவாகக் கசியாது, ராடு வழியே நேராகக் காலிப்பருக்கே இறங்கும். பிரிப்பதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி வேண்டும், சீலை அடித்து இறக்குகிற சரியான அளவு சீல் டிரைவர் வேண்டும். இரண்டு காலையும் நீங்களே கழற்றி, கருவி இருக்கிற பட்டறையில் கொடுத்து, வந்ததும் நீங்களே மாட்டிக்கொள்ளலாம். கூலி குறையும். கழற்றும் முன் எக்ஸ்ரே ஃபிலிமை மட்டும் ஒருமுறை முயன்று பாருங்கள். அதற்குப் பிறகும் ராடு ஈரமாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: என் ஆக்டிவாவில் ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் "டொக் டொக்" என்கிறது. ஃபோர்க் சீல் மாற்றச் சொல்கிறார்கள். சரியா?
– அங்கன்வாடிப் பணியாளர், மன்னார்குடி

பதில்: எந்த வருஷத்து ஆக்டிவா என்று எழுதவில்லையே அம்மா. 2020-ல் வந்த 6ஜி என்றால் அதில் டெலிஸ்கோப்பிக் ஃபோர்க் உண்டு. அதற்கு முந்தையது என்றால் (ஆக்டிவா 125 தவிர) முன்சக்கரம் ஒரு சின்ன லிங்க்கில் தொங்குகிறது. பைக்கில் இருக்கிற மாதிரி பிரித்து சீல் மாற்றுகிற ஃபோர்க்கே அதில் கிடையாது. சத்தம் பெரும்பாலும் லிங்க்கின் புஷ் (மூட்டுக்குள் இருக்கிற சின்ன உருளை) தேய்ந்ததால் வரும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு கையாலும் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். லிங்க்கில் ஆட்டம் தெரிந்தால் புஷ் செட் மாற்றினால் போதும். பக்கத்து ஷாக் மேல் ஆயில் பிசுக்கு இருந்தால் மட்டும் ஷாக்கை முழுதாக மாற்ற வேண்டும். சீல் என்று பில் போட்டால், கழற்றிய பழைய சீலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.