விடை 9.8 வராவிட்டால் பதிவேட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனையில், 80 செ.மீ. நீளத்திற்கு 20 அலைவுகளுக்கான நேரம் 36.2 வினாடியாகவும், விடை 9.64 மீ/வி² ஆகவும் வந்தது. நேரத்தைச் சற்று மாற்றி, 9.8 வருமாறு எழுதிவிடும்படி உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். பதிவேட்டை எப்படி எழுதுவது சரி?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: நேரத்தை மாற்றாதீர்கள். உங்கள் கணக்கீட்டில் பிழையில்லை. அந்த அளவீடுகளுக்கு 9.64தான் விடை. 9.8 என்பதைப் பாடப்புத்தகமே சொல்லிவிடுகிறது. உங்கள் மேசையில் அன்று என்ன நடந்தது என்பதற்கோ உங்கள் பதிவேட்டைத் தவிர வேறு சான்று இல்லை.

நோக்கம், தேவையான கருவிகள், வாய்ப்பாடு ஆகியவற்றுக்குச் சில வரிகள் போதும். செய்முறைப் பகுதியில்தான் பெரும்பாலானோர் வழிகாட்டி நூலின் வாக்கியங்களை அப்படியே எடுத்தெழுதிவிடுகிறார்கள். நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள், குண்டை எவ்வளவு விலக்கி விட்டீர்கள், அது எந்த நிலையைக் கடக்கும்போது நிறுத்துக் கடிகாரத்தை இயக்கினீர்கள் என்பவற்றை, வேறொருவர் படித்து அதே சோதனையைத் திரும்பச் செய்யக்கூடிய அளவுக்கு, நீங்கள் செய்தபடியே இறந்தகாலத்தில் எழுதுங்கள்.

அப்படி எழுதும்போதே பிழையின் இடம் பல நேரங்களில் தெரிந்துவிடும். ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தொலைவு. நீங்கள் குண்டின் கொக்கி வரை மட்டும் அளந்து, மையம் அதற்கு 1 செ.மீ. கீழே இருந்திருந்தால், உண்மையான நீளம் 81 செ.மீ.; அதே 36.2 வினாடிக்கு விடை 9.76 ஆகிவிடும். இதுதான் காரணம் என்று தெரிந்தால், பழைய எண்ணை அழிப்பானால் அழிக்காமல் ஒரு கோடிட்டு அடித்து, குண்டின் அளவையும் திருத்தத்தின் காரணத்தையும் அருகில் குறியுங்கள். வெவ்வேறு நீளங்களுக்கு அளவீடு எடுத்திருந்தால், நீளத்திற்கும் அலைவு நேரத்தின் இருமடிக்கும் வரைபடம் வரைந்து பாருங்கள். கோடு நேராக இருந்தும் ஆதிப்புள்ளி வழியே செல்லாவிட்டால், எல்லா நீளங்களிலும் ஒரே அளவு பிழை கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். அக்கோட்டின் சாய்விலிருந்து காணும் விடையை அந்தப் பிழை பாதிக்காது.

அடுத்தது, கடிகாரத்தை இயக்கி நிறுத்துவதில் விரல் காட்டும் தாமதம். அதை 0.2 வினாடி என்று கொண்டால், 36.2 வினாடியில் அது அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டும்; அலைவு நேரம் வாய்ப்பாட்டில் இருமடியாக வருவதால் விடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு, அதாவது 0.1 மீ/வி² அளவுக்கு ஐயம் இருக்கும். ஒரே ஓர் அலைவை அளந்திருந்தால் அந்த ஐயம் இருபது மடங்காகியிருக்கும் என்பதால்தான் 20 அலைவுகளை எண்ணச் சொல்கிறார்கள்.

எதிர்பார்த்ததோடு பொருந்தாத அளவீட்டை மறைக்காமல் எழுதியதால் அறிவியல் பெரிதும் பயனடைந்திருக்கிறது. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிச்சர், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் என்னும் ஊரில் தம் ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டு பதிவு செய்தார். அங்கே புவியீர்ப்பு முடுக்கம் சற்றுக் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். புவி நிலநடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருக்கிறது என்ற தம் விளக்கத்திற்கு நியூட்டன் பின்னர் இதைச் சான்றாகக் கொண்டார். தமிழ்நாட்டிலும் இந்த முடுக்கம் சரியாக 9.8 அன்று, 9.78ஐ ஒட்டியே இருக்கும்.

எனவே முடிவில், கணிப்பான் காட்டும் எல்லா இலக்கங்களையும் எழுதாமல், நீளத் திருத்தம் பொருந்துமாயின் ‘9.8 ± 0.1 மீ/வி²’ என்றும், பொருந்தாதாயின் ‘9.6 ± 0.1 மீ/வி²’ என்றும் எழுதி, பிழைக்கு இடமளித்ததாக நீங்கள் கருதும் காரணத்தை அடுத்த வரியில் சேருங்கள். வெறுமனே ‘மனிதப் பிழை’ என்று எழுதுவது போதாது; எந்த அளவீட்டில், எவ்வளவு என்று குறிப்பிடுங்கள். நேரம் கிடைத்தால், ஆசிரியரிடம் கேட்டு அந்த ஒரு நீளத்திற்கு மட்டும் மீண்டும் அளந்து, புதிய அளவீட்டைப் பழையதற்குக் கீழே தேதியிட்டு எழுதுங்கள்.