சேனல் மாறிய ஐடல்

கேள்வி: ‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப் போட்டியை 2016-ல் ஃபாக்ஸ் சேனல் ஊரைக் கூட்டி வழியனுப்பி வைத்தது. இரண்டே வருஷத்தில் போட்டி சேனலான ஏபிசி அதைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டியது. கண்ணீரோடு விடைகொடுத்த ரசிகனை ஏமாற்றும் வேலை இல்லையா இது? செத்த நிகழ்ச்சியை எழுப்பி ஏபிசி என்னத்தைக் கண்டது? (வாசகர், கோவை)

பதில்: ஏமாற்றியது யார் என்பதில் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள்.

2016 ஏப்ரல் 7 அன்று நடந்த இறுதிச் சுற்றில் டிரென்ட் ஹார்மன் ஜெயித்தார். எல்லாம் முடிந்ததும் தொகுப்பாளர் ரையன் சீக்ரெஸ்ட் அமெரிக்காவுக்கு குட்நைட் சொன்னார். விளக்குகள் அணைகிற நேரத்தில், மைக்கில் மெல்ல ஒரு வார்த்தையைச் சேர்த்தார்: ‘இப்போதைக்கு’. ரசிகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பலர் காதில் அது விழாமல் போயிருக்கலாம். வாசல் கதவைத் தாழ் போடாமல்தான் போனார்கள்.

அந்த நிகழ்ச்சி ஃபாக்ஸுக்குச் சொந்தமானதும் இல்லை. சைமன் ஃபுல்லர் 2001-ல் பிரிட்டனில் தொடங்கிய ‘பாப் ஐடல்’தான் இதற்கு மூலம். அமெரிக்காவில் தயாரித்தவர்கள் ஃப்ரீமாண்டில் நிறுவனமும் ஃபுல்லர் தொடங்கிய 19 என்டர்டெயின்மென்ட்டும். ஃபாக்ஸ் அதில் பதினைந்து சீசன் குடியிருந்த வாடகைக்காரர். குடித்தனக்காரர் காலி செய்தால் வீட்டுக்காரர் பூட்டியே வைத்திருக்க வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம்?

இது நமக்கும் புதிதில்லை. பிரிட்டனில் பிறந்த அந்தக் கோடி ரூபாய் கேள்வி-பதில் போட்டி, 2000-ல் சன் டிவியில் சரத்குமாரோடு ‘கோடீஸ்வரன்’ ஆனது. 2012-ல் விஜய் டிவியில் சூர்யாவோடு வந்தது, 2019-ல் கலர்ஸ் தமிழில் ராதிகாவோடு வந்தது. இந்தியில் ஸ்டார் பிளஸில் இருந்த அமிதாப் பச்சன் 2010-ல் அதே போட்டியோடு சோனிக்குப் போய் உட்கார்ந்தார். சரத்குமாருக்குத் துரோகம் நடந்துவிட்டதாக அன்றைக்கு யாரும் இந்தப் பகுதிக்குக் கடிதம் போடவில்லை.

ஃபாக்ஸின் புலம்பலுக்கு வருவோம். ஐடலைச் சீக்கிரமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்களாம். இவ்வளவு ஆர்ப்பாட்டமாக விடைகொடுத்துவிட்டு உடனே திரும்ப வந்தால் அது ரசிகர்களை ஏமாற்றுவதாகும் என்று சேனலின் தலைமைப் பொறுப்பில் இருந்த டேனா வால்டன் தரப்பு சொன்னது. சில வருஷம் ஆறப்போடலாம் என்பது அவர்கள் யோசனை. இன்னொரு சேனலான என்பிசியும் பேரம் பேசிப் பார்த்தது. கடைசியில் 2017 மே மாதம் ஏபிசி முந்திக்கொண்டது.

சரி, அந்த நிகழ்ச்சியைப் படுக்கையில் தள்ளியது யார்? 2002 கோடையில் இடம் நிரப்புவதற்காக வந்த ஐடல், பிறகு தொடர்ந்து எட்டு சீசன்கள் அமெரிக்காவின் முதல் இடத்தில் இருந்தது. உச்சத்தில் இருந்த 2006-ல் சராசரியாக மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். நடுவர்கள் மேஜையில் இருந்த கோகோ கோலா சிவப்புக் கோப்பைகளுக்கே தனி விலை. எதிர் சேனல்காரர்கள் அதற்கு, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கிரகத்தையே தகர்க்கும் ‘டெத் ஸ்டார்’ என்று பெயர் வைத்து, அது வருகிற நேரத்தில் தங்கள் நல்ல நிகழ்ச்சிகளைப் போடவே பயந்தார்கள்.

அப்புறம் 2010-ல் நடுவர் சைமன் கவல் விலகினார். அவரை வைத்தே அதே ஃபாக்ஸ் 2011-ல் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்று இன்னொரு பாட்டுப் போட்டியை ஆரம்பித்தது. அதே வருஷம் என்பிசியில் ‘தி வாய்ஸ்’ வந்தது. ஒரே நாட்டில் மூன்று பாட்டுப் போட்டி! இதற்கிடையில் நடுவர் நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. 2013-ல் மரியா கேரியும் நிக்கி மினாஜும் போட்டுக்கொண்ட சண்டைதான் போட்டியாளர்களின் பாட்டைவிட அதிகம் பேசப்பட்டது. இவ்வளவையும் செய்துவிட்டு, நிகழ்ச்சிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். ரசிகனுக்காகக் கோபப்படுகிற நீங்கள் இதற்கல்லவா கோபப்பட்டிருக்க வேண்டும்?

ஏபிசி என்ன கண்டது என்று கேட்டீர்கள். 2018 மார்ச் 11-ல் முதல் பகுதி வந்தபோது சுமார் ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். நடுவராக வந்த பாடகி கேட்டி பெர்ரியின் சம்பளம் இரண்டரைக் கோடி டாலர் என்று செய்தி வந்தது. அந்தக் காசுக்கு அவர் பாட்டைவிட முகபாவனைகளைத்தான் அதிகம் காட்டினார் என்பது என் எண்ணம். சக நடுவர்கள் லயனல் ரிச்சியும் லூக் பிரையனும் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஏபிசிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். சுருதியே இல்லாமல் பாடுகிறவர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றி, ஊரே சிரிக்க வைக்கும் பழைய வழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஃபாக்ஸ் காலத்து ஆடிஷன் வாரங்களின் பாதி வேடிக்கை அதுதான், பாதி அசிங்கமும் அதுதான்.

கிடைக்காமல் போனதும் ஒன்று உண்டு. முதல் சீசனில் ஜெயித்த கெல்லி கிளார்க்சனின் பாட்டு, 2002-ல் அமெரிக்கப் பாடல்களின் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் 52-ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதல் இடத்துக்குப் போனது. 2005-ல் ஜெயித்த கேரி அண்டர்வுட் கன்ட்ரி இசையின் பெரும் நட்சத்திரம் ஆனார். 2004-ல் ஏழாவது இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன் 2007-ல் ஆஸ்கரே வாங்கினார். ஏபிசியில் முதலில் ஜெயித்தவர் மேடி பாப்பி. நல்ல பாடகி. அவருடைய பாட்டு ஒன்றை உங்களால் முணுமுணுக்க முடியுமா? என்னால் முடியாது.

அது அந்தப் பெண்ணின் குறை இல்லை. 2003 இறுதிச் சுற்றை ஒரே ராத்திரியில் 3 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். ஜெயித்தவரின் குரல் ரேடியோவில் ஓயாமல் ஒலிக்கும், சிடி கடைக்கு வரும், ஜனம் வரிசையில் நின்று வாங்கும். இன்றைக்குப் பதினாறு வயதுப் பிள்ளை யூடியூபில் பாடிப் பெயர் வாங்கிவிட்டுத்தான் ஆடிஷனுக்கே வருகிறது. நிகழ்ச்சியின் பெயரையும், மேடையையும், சீக்ரெஸ்ட்டையும் ஏபிசி காசு கொடுத்து வாங்கிவிட்டது. அந்த 3 கோடியே 80 லட்சம் பேரை எந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது?

ஏபிசிக்கு அது தெரியாமல் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரிக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது, கிடைத்தது. 2018 முதல் 2025 வரை எட்டு சீசன் ஓடியாகிவிட்டது. செத்த நிகழ்ச்சி இவ்வளவு நடக்காது. 2025-ல் நடுவராக வந்து உட்கார்ந்தவர் அதே கேரி அண்டர்வுட். கெல்லி கிளார்க்சன் மட்டும் சிக்கவில்லை. ஐடல் திரும்பி வந்த 2018-ல் அவர் என்பிசியில் ‘தி வாய்ஸ்’ நாற்காலியில் இருந்தார், திங்கட்கிழமைகளில் தன்னை உருவாக்கிய நிகழ்ச்சிக்கே எதிரில்.

ரசிகர்களை ஏமாற்றக் கூடாது என்ற டேனா வால்டன்? ஃபாக்ஸ் குழுமத்தின் பெரும்பகுதி டிஸ்னி கைக்குப் போன 2019-ல் அவரும் டிஸ்னிக்குப் போனார். ஏபிசியும் டிஸ்னியுடையதுதான், அதன் நிகழ்ச்சிகள் அவர் பொறுப்பில் வந்தன. ஐடலை அவர் நிறுத்தவில்லை.