சுளகைத் தொட விடாத அம்மா

கேள்வி: அம்மா 30 வருடமாகப் பீடி சுற்றுகிறார். பீடி சுற்றும் சுளகை (முறத்தை) என்னைத் தொடவே விடுவதில்லை. தொழில் மேல் அவருக்கே மதிப்பில்லையா?
- வாசகி, முக்கூடல்

பதில்: மதிப்பு இருக்கிறது; அதிலுள்ள பாடும் தெரிந்ததால்தான் விடுவதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இலையை நனைத்து, ஈரத்துணியில் பொதிந்து, தகடு வைத்து வெட்டி, புகையிலைத் தூள் நிரப்பிச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்ட வேண்டும். ஈரம் குறைந்தால் இலை கீறும், மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். இலை கொடுத்துப் பீடி வாங்கும் கடையில் தரம் பார்த்துக் கழிப்பதும், கொடுத்ததில் குறைகிற இலையைக் கைக்காசில் வாங்குவதும் அவர் தலையில்தான். ஆனால் வீட்டிலிருந்தே சம்பாதித்த அந்தக் காசுதான் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்ற தைரியத்தைத் தந்தது. நகைச்சீட்டுக்குப் போனது இப்போது பருவக் கட்டணத்துக்குப் போகிறது. நல்ல மாற்றம்தான், சீர் கேட்பது மட்டும் நின்றபாடில்லை!

ஒன்றை உடனே பாருங்கள். அம்மா போடும் பீடிக் கணக்கைக் கடையில் பதியும் பாஸ் புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கிறதா? அடுத்தவர் புத்தகத்தில் பீடி போட்டால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அவருக்குச் சேராது, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகை கேட்கவும் சான்று இருக்காது. ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப். பதிவோடு ஒத்திருக்க வேண்டும். பணம் எடுக்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது.