கழற்றிய ஆயில் ஃபில்டரை உடனே தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: என் காரில் கார்ட்ரிட்ஜ் வகை ஆயில் ஃபில்டர் (வெளி டப்பா இல்லாமல், காகித மடிப்புப் பகுதியை மட்டும் மாற்றும் வகை). சென்ற முறை வெளி மார்க்கெட்டில் விலை குறைவான ஒன்றை வாங்கிப் போட்டேன். 10,000 கி.மீ. ஓடிய பிறகு கழற்றினால், காகித மடிப்புகள் நெளிந்து, சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "இதெல்லாம் சகஜம்தான் சார்" என்கிறார் மெக்கானிக். இரும்பு டப்பாவில் வரும் பழைய வகைதான் உறுதியானதா? விலை கூடியதாக வாங்கினால், இரண்டு தடவை ஆயில் மாற்றும் வரை ஒரே ஃபில்டரை ஓட்டலாமா?

பதில்: மெக்கானிக் சொன்னது பாதி சரி. சூடான ஆயிலில் மாதக்கணக்கில் ஊறிய காகிதம் லேசாக நெளியத்தான் செய்யும். ஆனால் மடிப்புகள் ஒட்டிக்கொள்வது சகஜமில்லை. ஒட்டிய மடிப்புக்குள் ஆயில் நுழையாது. வடிகட்ட வேண்டிய பரப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

நெளிவு எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மடிப்புகள் பக்கவாட்டில் கொத்துக் கொத்தாகச் சாய்ந்திருந்தால், காகிதத்தில் ஏற்றிய பிசின் போதவில்லை, அல்லது மடிப்பின் இடைவெளி சீராக இல்லை. அப்படியில்லாமல் ஒரு முனையில் மட்டும் மேலிருந்து அழுத்தியதுபோல நசுங்கியிருந்தால், ஃபில்டரின் உயரமே தவறாக இருக்கலாம். சில மில்லிமீட்டர் கூடினாலும் மூடியை முறுக்கும்போது அது நசுங்கும். குறைந்தால் அதைவிட மோசம்: முனைகள் சரியாக உட்காராமல், ஆயில் காகிதத்தைத் தொடாமலே பக்கவழியாகப் போய்விடும். ஒரிஜினலையும் புதிதாக வாங்கியதையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தாலே இது தெரிந்துவிடும்.

கார்ட்ரிட்ஜ் ஃபில்டரில் எல்லோரும் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இரண்டு முனைகளையும் நடுத்துளையையும். ஆயில் வெளிப்பக்கத்திலிருந்து காகிதத்தைத் தாண்டி நடுவுக்கு வந்து எஞ்சினுக்குப் போகிறது. நடுத்துளை தளர்வாக இருந்தால் அழுக்கு ஆயில் அந்த இடுக்கு வழியாகவே பேரிங்குகளுக்குப் போகும். அப்போதும் ஆயில் பிரஷர் சரியாகவே இருக்கும், டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. அதனால் மாட்டும் முன்பு ஃபில்டரை அதன் நடுக்குழாயில் கையால் செருகிப் பாருங்கள். லேசாக அழுத்தித்தான் இறங்க வேண்டும். தன் எடையிலேயே வழுக்கி விழுந்தால் வேண்டாம். மூடியில் கிளிக்கென்று மாட்டும் வகை என்றால், ஆட்டிப் பார்த்தாலும் கழன்று வரக்கூடாது. காகிதத்தின் இரு ஓரங்களும் சேரும் ஒட்டுத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு ஓட்டை தெரிந்தால் அது ஃபில்டரே இல்லை.

இரும்பு டப்பா வகை பார்க்க உறுதியாகத் தெரிகிறது, ஆனால் அந்த உறுதி வெளிக்கூட்டுக்குத்தான். உள்ளே இருப்பது அதே வகைக் காகிதம். வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. டப்பாவில் பெரும்பாலும் பைபாஸ் வால்வும், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைக்கும். கார்ட்ரிட்ஜில் அவை பெரும்பாலும் ஹவுசிங்கிலேயே, அதாவது ஃபில்டர் உட்காரும் கூட்டிலேயே, நிரந்தரமாக இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ, ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, அந்த பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை அனுப்பும். எஞ்சின் ஆயிலே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்ற கணக்கு. வால்வுகள் இப்படி நிரந்தரமாக இருப்பதால், ஹவுசிங்கின் அடியில் பழைய கசடோ, கிழிந்த காகிதத் துண்டோ தங்காமல் துடைப்பதும் ஃபில்டர் மாற்றும் வேலையில் சேர்ந்ததுதான்.

மூடியில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சூட்டில் அது கெட்டியாகித் தட்டையாகிவிடும். புதியதில் கொஞ்சம் ஆயில் தடவி, அதற்கான பள்ளத்தில்தான் போட வேண்டும். மூடியில் இரண்டு மூன்று பள்ளம் இருந்தால் தவறான இடத்தில் மாட்டிவிட்டு, ஒழுகியதும் "டூப்ளிகேட் ஃபில்டர்" என்று திட்டுவது நடக்கிறது. பிளாஸ்டிக் மூடியைக் கைபலத்தை எல்லாம் காட்டி முறுக்காதீர்கள். பல கார்களில் மூடியின் மேலேயே டார்க் அளவு (எவ்வளவு விசையில் முறுக்கலாம் என்பது) அச்சிட்டிருக்கும், 25 நியூட்டன் மீட்டர் என்பது அடிக்கடி காணும் எண். அதற்கு மேல் முறுக்கிய மூடி அன்றைக்கு விரிசல் விடாது, சில சர்வீஸ் கழித்து விடும்.

விலைக்கு வருவோம். பெட்டியில் "20 மைக்ரான்" (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருளில்லை. எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. அந்த அளவுள்ள 100 துகளில் 50-ஐப் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான், 99-ஐப் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான். முதலாவதில் 50 துகள் தப்பும், இரண்டாவதில் 1. ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனைப்படி மைக்ரானையும் சதவீதத்தையும் சேர்த்துச் சொல்லும் தயாரிப்பை நம்பலாம். செயற்கை இழை ஃபில்டர் அதிக அழுக்கைத் தாங்கும், ஈரத்தில் காகிதம்போல் தளராது. ஆனால் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுபவருக்கு நல்ல காகித ஃபில்டரே போதும் என்பது என் கருத்து.

ஒரே ஃபில்டரை இரண்டு தடவைக்கு ஓட்ட வேண்டாம், வண்டிக் கையேடே அப்படிச் சொல்லியிருந்தால் தவிர. அது பிடித்த அழுக்கும், ஊறிய பழைய ஆயிலும் அதிலேயே இருக்கும்.

கழற்றிய ஃபில்டர் இன்னும் கையில் இருந்தால், பிளேடால் இரு முனையையும் வெட்டிக் காகிதத்தை விரித்து, ஆயிலை நன்றாக வடியவிடுங்கள். கிழிசல் இருக்கிறதா பாருங்கள். கறுப்புப் படலம் இருந்தால் கவலை வேண்டாம். மினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ பேரிங் உலோகமோ இருக்கலாம். நிறைய இருந்தால் எஞ்சினைக் காட்டியே ஆக வேண்டும்.

இப்போதைக்குக் கார் நிறுவனத்தின் ஃபில்டரையே போடுங்கள். அடுத்த முறை கழற்றும்போது அதுவும் இதேபோல் ஒட்டிக் கிடந்தால், குற்றம் ஃபில்டரில் இல்லை. கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றுகிறார்களா, எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறுகிய ஓட்டமே அதிகமா, உள்ளே கசடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.