வாடும் கத்தரிக்குச் சுண்டைக்காய் வேர் கைகொடுக்குமா?

ஒட்டன்சத்திரம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: மூன்று ஆண்டுகளாக ஒரே நிலத்தில் கத்தரி வைக்கிறேன். பூக்கும் பருவத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே செடிகள் திடீரென வாடிவிடுகின்றன. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று இதைத் தாங்கும் என்கிறார்கள். நம்பி நடலாமா? நானே ஒட்டுக்கட்ட முடியுமா?

நடலாம். ஆனால் செடி எதனால் வாடுகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டை நான்கு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை மட்டும் அமிழும்படி அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். வேரைக் கழுவும்போது மணிமணியாக முடிச்சுகள் தெரிந்தால், அது மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. நூற்புழு துளைத்த காயத்தின் வழியே பாக்டீரியா எளிதில் புகுந்துவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்தே காணப்படுவதும் உண்டு.

இரண்டுமே மண்ணிலிருந்து வேர் வழியாக வருபவை. சுண்டை வேர் இரண்டையும் பெருமளவு தாங்கும். ஜப்பானில் 1920களிலேயே தர்பூசணியைப் பூசணி வேரில் ஒட்டத் தொடங்கியதும் மண்வழி வாடல் நோய்க்காகத்தான். ஆனால் தண்டுத்துளைப்பானும் காய்ப்புழுவும் சிற்றிலை நோயும் மண்ணுக்கு மேலே நடக்கும் தாக்குதல்கள். அவற்றுக்கு ஒட்டு நாற்று மருந்தாகாது.

நீங்களே ஒட்டுக்கட்ட முடியும். பெரும்பாலானோர் தவறுவது கத்தி பிடிப்பதில் அல்ல, விதைக்கும் நாளில். சுண்டை விதை தாமதமாகவும் சீரில்லாமலும் முளைக்கும். ஆகவே அதை முதலில் குழித்தட்டில் விதைத்து, மூன்று நான்கு வாரங்கள் கழித்துக் கத்தரியை விதைத்தால்தான் ஒட்டும் நாளில் இரண்டு தண்டுகளும் ஒரே பருமனாக இருக்கும். சுண்டை நாற்றை மண்ணிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் புதிய பிளேடால் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, இரண்டு மூன்று இலைகளுடன் உள்ள கத்தரி நுனியின் அடியை இருபுறமும் ஆப்பு போலச் சீவிச் செருகி, உடனே கிளிப் மாட்டுங்கள். சீவிய முகம் காய்ந்துவிட்டால் ஒட்டு பிடிக்காது.

அடுத்த ஒரு வாரம் நிழலும் ஈரக்காற்றும் மிக அவசியம். பாலித்தீன் மூடிய சிறு கூடாரத்தில் வைத்து, உட்புறச் சுவரில் நீர்த்துளிகள் முத்துமுத்தாக நிற்கும் அளவுக்கு ஈரம் காத்து, பிறகு நாளுக்குச் சிறிது நேரமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுவந்தால் பிடித்த ஒட்டும் துவண்டுவிடும்.

ஒட்டு நாற்றின் விலை சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு என்பதால் முழு நிலத்திலும் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அருகிலுள்ள ரெட்டியார்சத்திரத்தில் அரசு நடத்தும் காய்கறி மகத்துவ மையத்தில் விசாரித்து, முதல் போகத்தில் செடிகள் அதிகம் வாடிய பாத்திகளில் மட்டும் ஒட்டு நாற்றையும், பக்கத்துப் பாத்தியில் அதே ரகத்தின் சாதாரண நாற்றையும் நட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டுச்செடியின் வேர் வலுவானது. இடைவெளியை அதிகமாக விடுங்கள், காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து (வெட்டிவிட்டு), அதே செடி மீண்டும் துளிர்த்துக் காய்க்கும் மறுதாம்பும் எடுக்கலாம்.

நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண் அணைக்கும்போது அது புதைந்தால் கத்தரித் தண்டே வேர்விட்டு, நோய் அந்த வேர் வழியாக ஏறிவிடும். ஒட்டுக்குக் கீழே முள்ளோடு சுண்டைத் துளிர் கிளம்பினால், வாரம் ஒருமுறை பார்த்து அடியோடு கிள்ளிவிடுங்கள்.